ஆறு தறிகளுக்கும் ராத்தாவின் காதுகளுக்கும் நடுவே

என் கல்பில் குடியிருக்கும் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்பிள்ளை என்றால் நீங்கள் அடங்கியிருக்கிற மையவாடி வாசலில் நின்று உங்களுக்கு ஸலாம் சொல்லி, வீட்டு விசயத்தை மனதுக்குள் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வருவான். எங்கள் ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. இரண்டு பெண்பிள்ளைகளை மட்டும் பெற்றுவிட்டுப் போன உங்களுக்கு யார் வந்து செய்தி சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோபம் நீங்கள் கட்டிய சுவரைப் பற்றியது. கல்முனைச் சந்தைக் கடையில் நின்று நின்று கால் வீங்கிச் சேர்த்ததை எல்லாம் போட்டு, இருந்த ஒரு வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவள் ராத்தாவுக்கு ஒரு வீடும் எனக்கு ஒரு வீடும் கட்டினீர்கள். இங்கே வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார் என்பதால் அது உங்கள் கடமையாக இருந்தது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏன் ஒரே ஒரு சுவரை வைத்தீர்கள்? மேசன் கேட்டபோது நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஒருத்தி இருமினா மத்தவளுக்குக் கேக்கணும் மேசன். அதுக்குத்தான் ஒரு சுவர்."

கேட்கிறது வாப்பா. நன்றாகவே கேட்கிறது.

நீங்கள் மவுத்தாகி நாலு வருசத்துக்குப் பிறகு ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், ஆறு பவர்லூம் தறிகள் வாங்கினார். எல்லாம் பழையவை. வளவின் பின்பக்கம், என் படுக்கை அறைச் சுவரோடு சேர்த்து ஒரு கொட்டில் போட்டு, மேலே தகரம் அடித்து, அங்கே இறக்கினார். காலை ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டால், அவரும் ராத்தாவும் மூத்த மகளுமாகப் பின்னேரம் ஆறு மணிவரை ஓட்டுவார்கள். ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஆறு நாடாக்கள் இடமும் வலமும் பாய்ந்து மரத்தில் மோதுகிற சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? என் வீட்டு அலுமாரியில் கோப்பைகள் தானாக நகர்கின்றன. ஊர் முழுக்கக் கரண்ட் போனதற்கு ஏசும்போது, நான் ஒருத்திதான் அல்ஹம்துலில்லாஹ் என்று கட்டிலில் சாய்கிறவள்.

எனக்கு மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். உங்கள் இளைய மருமகன் கொழும்பு பஸ் ஓட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். இரவெல்லாம் ஓட்டிவிட்டுக் காலையில் வருகிற மனிதன் பகலில்தான் தூங்க வேண்டும். தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு புரளுவார். ஒருநாள் காலையில் வந்து, தேத்தண்ணீரைத் தொடாமலே சொன்னார்: "கண் சொருகிட்டுது புள்ள. கண்டக்டர் தோள்ல அடிக்காட்டி நாங்க வாய்க்காலுக்குள்ளதான்." பஸ்ஸுக்குள் ஐம்பது உயிர் இருந்திருக்கும்.

அவர் நற்பிட்டிமுனையில் தன் உம்மா வீட்டில் போய்ப் படுத்துப் பார்த்தார். மூன்றே நாளில் ஊருக்குக் கதை கிடைத்துவிட்டது. மனைவி வீட்டில் குடியிருக்க வந்த ஆண் பகலில் தாய் வீட்டில் போய்ப் படுத்தால், இங்கே அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். "புருசன விரட்டிட்டீங்களாமே" என்று மீன்காரன்கூட என்னை விசாரித்தான். அதோடு அவர் அங்கே போவதை நிறுத்திவிட்டார். இப்போது நிறுத்தி வைத்த பஸ்ஸில், கடைசி நீளச் சீட்டில், திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறார். சொந்த வீடு இருக்கிற மனிதன், வாப்பா.

நான் சும்மா இருக்கவில்லை. ராத்தாவிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதுதான் என் பிழை. நாங்கள் இரண்டு பேரும் கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் ரோட்டால் சுற்றிப் போய்க் கதைத்ததே இல்லையே. உப்புக் கேட்பதும் சண்டை பிடிப்பதும் எல்லாம் சமையலறை யன்னலால், மதிலுக்கு மேலால்தான். அதே பழக்கத்தில் கூப்பிட்டேன். "ராத்தா, இவர் வந்து படுத்திரிக்கிறாரு, பகல் மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்க!" கரண்ட் இல்லாமல் தறி நிற்கிற நேரம் பார்த்து மூன்று நாள் கூப்பிட்டேன். அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே நின்றாள். திரும்பியும் பார்க்கவில்லை.

என் குணம் உங்களுக்குத் தெரியுமே. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். இவ்வளவு வீம்பா என்று, அன்று பின்னேரமே இரண்டு பக்கத்துக்கு மனு எழுதி, அடுத்த நாள் சுற்றாடல் அதிகாரிகளின் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஒலியால் குடியிருக்க முடியவில்லை, இயந்திரங்களை நிறுத்தித் தரவும் என்று. கீழே என் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயர். இன்னாருடைய மகள் என்று போடச் சொன்னார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். கையில் சத்தம் அளக்கிற கருவி இருந்தது. எப்படியோ மச்சானுக்கு முதலே தெரிந்துவிட்டது, இரண்டு தறிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழேயும் பழைய மெத்தை. என் அறைக்குள் சுவருக்கு முன்னால் நின்று அளந்து, எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மச்சான் வாசலில் நின்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "சத்தமில்லாம ஓடுற தறி எங்கயாவது இரிக்கா? எங்கட சோறு இந்தச் சத்தத்துலதான் வேகுது." அவர் கெட்ட மனிதரில்லை. நீங்கள் நோய் வருத்தத்தில் கிடந்தபோது உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர்தான். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு இன்னும் சுட்டது.

பிறகு ஐந்து மாதம் இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை. நோன்பும் வந்தது. நோன்பிலே உங்களுக்காகக் குர்ஆன் ஓதுகிற ஆண்டுக் கத்தமும் வந்தது. மற்ற எதற்குப் பேசாவிட்டாலும் அதற்கு இரண்டு மக்களும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். இந்த வருசம் என் வீட்டு முறை. முன் மண்டபத்தில் ஆண்கள், உள்ளே நாங்கள். கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஆளுக்கு ஓர் ஈத்தம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நோன்பு திறக்கப் பள்ளிப் பாங்குக்குக் காத்திருந்தோம். ராத்தா எனக்கு நேரே எதிரில் இருந்தாள். வந்ததிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுக் கொடுத்தவளை முறைக்கிறாள் என்று நினைத்தேன்.

பாங்கு சொன்னது. அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்த சர்பத் ஜக்கு சரிந்துவிட்டது. துணியை எடுத்துத் துடைத்து, பாயைத் தூக்கி, கையைக் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன். எல்லோரும் கஞ்சி குடிக்கிறார்கள். ராத்தாவின் கையில் பழம் அப்படியே இருக்கிறது. கண் மற்றவர்கள் மேல் இல்லை, என் கையில்தான். நான் என் பழத்தை எடுத்து வாயில் வைத்தேன். அதே கணம் அவளும் வைத்தாள்.

வாப்பா, பள்ளி எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வளவு. அந்தப் பாங்கு அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் கோப்பை கழுவ சமையலறைக்குப் போனபோது பின்னாலேயே போனேன். "ராத்தா" என்றேன். "ராத்தா, தீப்பிடிச்சிட்டு" என்றேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தோளில் கை வைத்ததும் திடுக்கிட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன். என் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு வருசமாக் கொறஞ்சி கொறஞ்சி வருது. ஆருக்கிட்டயும் சொல்லிராத கா. அல்லாவுக்காகச் சொல்லிராத. மூத்தவளுக்குச் சாய்ந்தமருதுல கலியாணம் கதச்சிரிக்கி. தாய்க்குக் காது கேக்காட்டி மகளுக்கும் பரம்பரை எண்டுதான் கதைப்பாங்க." மச்சானுக்குமே தெரியாதாம். அவர் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவரே நினைத்துக்கொள்வாராம்.

அப்போதுதான் அந்த மூன்று நாளும் என் மண்டைக்குள் விழுந்தது. மதிலுக்கு மேலால் நான் கத்தியதும், அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றதும். கேட்காதவளை வீம்புக்காரி என்று நினைத்து மனு எழுதியிருக்கிறேன். ரோட்டால் சுற்றிப் போய் முகத்தைப் பார்த்துக் கேட்க நாற்பது அடி தூரம்கூட இல்லையே வாப்பா. ஏன் போகவில்லை நான்?

பெருநாளைக்கு உடுப்பு எடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி, ஆட்டோவில் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் அவளை இருத்தி, காதில் பெரிய கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் வெளியே நின்று பார்த்தேன். சத்தம் போகிறது என்பதற்கு இங்கே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. விளக்கு எரிகிறது, ராத்தாவின் பெருவிரல் அசையவில்லை. மறுபடி எரிகிறது, அசையவில்லை. அவளோ பரீட்சை நன்றாக எழுதுகிற பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"தறிச் சத்தம் இப்ப எனக்குத் தலையிடி தாறதில்ல டொக்டர், காது நல்லாப் பழகிட்டுது" என்றாள் ராத்தா. டொக்டர் வயதில் சின்னப் பெண். அவள் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னார். "இது பழகினதில்ல உம்மா. காதுக்குள்ள இருக்கிற நரம்பு செத்துப்போனது. செத்தது திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். வேலை முடிந்து வரும்போது காது அடைத்த மாதிரி இருந்தால், உள்ளே ஓர் இரைச்சல் கேட்டால், அதுதான் முதல் எச்சரிக்கையாம். அந்த நேரம் சத்தத்தை விட்டு விலகி ஓய்வு கொடுத்தால் சில பேருக்குக் காது தேறலாம். ஓய்வு கொடுக்காமல் திரும்பத் திரும்பப் போட்டு அடித்தால் ஒருநாள் தேறாமலே போய்விடும். எங்கள் ஊரில் எத்தனை பேர் பின்னேரம் காதைக் குடைந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதற்கு நாங்கள் எண்ணெய்தானே விட்டோம்?

வருகிற வழியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் காதுமூடி இரண்டு வாங்கினேன். பச்சை நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு பக்கமும் பொம்மிக்கொண்டு நின்றது. "இதப் போட்டா ஊரே சிரிக்கும்" என்றாள். நான் அவள் தலையில் அதை மாட்டி, மேலே ஸ்காஃபைச் சுற்றிக் கட்டிவிட்டேன். ஒன்றுமே தெரியவில்லை. தலை கொஞ்சம் பெருத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "இப்ப என்னைக் கண்டா மார்க்கம் படிச்ச ஆலிமா எண்டு ஸலாம் சொல்லுவாங்க" என்று ஆட்டோவுக்குள் சிரித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டாவது காதுமூடி அவள் மகளுக்கு, உங்கள் மூத்த பேத்திக்கு. ராத்தாவோடு அவளும் இரண்டு தறி பார்க்கிறாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவளிடம் சின்ன இயர்ஃபோன் இருக்கிறது. தறிச் சத்தத்தை மறைக்க அதைக் காதில் செருகி, ஃபோனில் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். ஒரு நெருப்பை அணைக்க இன்னொரு நெருப்பு. சாச்சி நான் சொன்னால் கேட்கிற வயதா? இருபது வயது. ஏன் கவனிக்க வேண்டும் என்று காரணம் சொல்வதற்கும் எனக்கு வாய் இல்லை, யாரிடமும் சொல்லாதே என்று தாய் அதைக் கட்டிவிட்டாள்.

பெருநாள் முடிந்து கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் விசாரணை, இரண்டு பகுதியும் வர வேண்டும். என் நிலைமையைப் பாருங்கள் வாப்பா. மனுவைத் திருப்பி எடுத்தால் ஆறு தறியும் நிம்மதியாக ஓடும், ராத்தாவிடம் மிச்சம் இருப்பதும் போகும். எடுக்காமல் நின்று தறி மூடப்பட்டால் அந்த வீட்டு அடுப்பு அணையும், சாய்ந்தமருதுக்காரர் ஏன் எதற்கு என்று விசாரிப்பார்கள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் ராத்தாவுக்குக் கொடுத்த வாக்குப் போகும். வீட்டை விற்றுவிட்டு எங்காவது போகலாம் என்றால், தகப்பன் கட்டித் தந்த வீட்டை விற்றவள் என்ற பெயர் வரும். அதுவும் அரைச் சுவரை யார் வாங்குவார்கள்? குறுக்கும் மறுக்கும் நடப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. உயிரோடு இருந்திருந்தால் உங்களிடம் வந்து கத்தியாவது இருப்பேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காகத் தறிகளை நிறுத்திவிட்டு ஆண்கள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். ராத்தா வந்தாள். யன்னலால் இல்லை, ரோட்டால் சுற்றி முன் வாசலால் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு மூணு நாளாப் பாக்கிறன் கா. மகள் மத்தவங்கட வாயப் பாத்துக் கதைக்கத் துடங்கிட்டா. நான் பாக்கிற அதே பார்வை. எனக்கு அது தெரியும்." கொஞ்சம் நின்று, "எனக்கு ஏலா. உன்ட காதால ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்றாள்.

கொட்டிலுக்குள் போனோம். உங்கள் பேத்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். இயர்ஃபோன் மேசையில் கிடந்தது. ராத்தா வாசல் நிலையோடு நின்றாள். நான் நாலு முழத் தூரத்தில் நின்று, வீட்டுக்குள் சாதாரணமாகக் கூப்பிடுகிற குரலில் "மகள்" என்றேன். துணி மடிந்துகொண்டே இருந்தது. இன்னொரு தரம், "மகள், சாச்சி வந்திரிக்கன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

ராத்தா அவளைப் பார்க்கவில்லை வாப்பா. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும். நான் என்ன செய்வேன்? பொய் சொல்ல வாயால் முடியும், முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அவள் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள்.

பள்ளியால் வந்த மச்சானிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். தன் காதை, ஆஸ்பத்திரியை, மகளை. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கல் மாதிரி இருந்த குரலில், "அவ வரவேணாம். அவட ரெண்டு தறியும் நிண்டா இந்த மாசம் நாங்க எழும்ப ஏலா. ஆர் பாக்கிற?" என்று கேட்டார்.

"நான் பாக்கிறன்" என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மனுக் கொடுத்தவள் நான்தானே.

அன்று பின்னேரமே உங்கள் பேத்தியை நற்பிட்டிமுனைக்கு, என் மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இயர்ஃபோனை ராத்தா வாங்கி வைத்துக்கொண்டாள். வருகிற கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்கும் அந்தக் கண்ணாடி அறை. காது தேறியிருக்குமா? டொக்டரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. நான் பகலெல்லாம் பச்சைத் தவளையை ஸ்காஃபுக்குள் கட்டிக்கொண்டு, என் தூக்கத்தைக் கெடுத்த அதே தறிகளுக்கு நடுவில் நிற்கிறேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிறேன். உங்கள் மருமகன் இன்னும் பஸ்ஸுக்குள்தான் படுக்கிறார்.

இதுவரை எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கேட்டு, முதலில் ராத்தாவிடம்தான் காட்டினேன். கிழித்துவிடுவாள் என்று பயந்தேன். இரண்டு தரம் வாசித்தாள். "பேர் மட்டும் போடாத. மத்ததெல்லாம் இரிக்கட்டும்" என்றாள். சாய்ந்தமருதுக்காரர் வாசித்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "வாசிக்கட்டும். மருமகளுக்குக் காது வேணுமெண்டா அவங்களும் வந்து எங்களோட நிக்கட்டும்" என்றாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் வாப்பா. மனுவை நான் திருப்பி எடுக்கமாட்டேன், மூடச் சொல்லவும் மாட்டேன். விசாரணையில் ராத்தாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். என் அறைச் சுவரை அளந்தது போதும், வந்து இந்தக் கொட்டிலுக்குள் ஆறு தறியையும் ஓடவிட்டு, எங்கள் காது இருக்கிற இடத்தில் அளந்து பாருங்கள் என்று அந்த அதிகாரியிடம் சொல்வேன். அது தங்கள் வேலை இல்லை என்றால், யாருடைய வேலை என்று கேட்டு அங்கேயும் போவேன். உங்கள் பேத்திக்கு நல்ல பதில் வந்தாலும், வராவிட்டாலும், அவள் இனி அந்த இரண்டு தறிகளுக்கு நடுவில் நிற்கமாட்டாள். அவளுடைய இடத்தில் நான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
மனுவிலும் தறியிலும் உங்கள் பெயரோடு நிற்கிற
உங்கள் இளைய மகள்